கம்பெனி டாக்டர் சொன்ன வார்த்தை

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

"நடக்கிறதை நடக்கிறபடியே எழுது, அம்மா மாதிரி எல்லாரும் நலம்னு ரெண்டு வரியில முடிச்சிடாதே" என்று பஸ் ஏறும்போது சொன்னாய் அல்லவா? அப்படியே செய்யப்போகிறேன். இந்தக் கடிதங்களில் எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உண்மையை மட்டுமே எழுதுவேன்.

முதலில் உடல்நலம். அம்மா நலம். ஆனால் நீ போன அன்று முழுக்கக் கோபமாக இருந்தாள். கழுவிய பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவினாள். அப்பா நலம். பள்ளி வேனுக்குப் புது ஹாரன் மாட்டியிருக்கிறார். வாத்து கத்துவதுபோல இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்ததிலிருந்து வளைவில்கூட அடிப்பதில்லை. நானும் நலம். உன் கட்டிலில் என் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். நீ வந்தால் எடுத்துவிடுவேன்.

பள்ளி நூலகத்துக்கு என்னை மாணவப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். சாவி என்னிடம்தான்! அகராதிகள் இருக்கும் கண்ணாடி அலமாரியைப் பல வருடமாக யாரும் திறக்கவில்லை போலிருக்கிறது. பூட்டில் துரு. தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தேன்.

உன் தொழிற்சாலை எப்படி இருக்கிறது? அறையில் யார் யார்? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்திலாவது விவரமாகச் சொல்.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
தங்கை


ஜூலை 3

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். அம்மாவை அந்தப் பாத்திரங்களை விட்டுவிடச் சொல், தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும்.

போனில் நான் ஏன் நீளமாகப் பேசுவதில்லை தெரியுமா? விடுதிக்கு ஒரே போன். வார்டனம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் "நல்லா இருக்கேன்" என்றால் அவரும் தலையாட்டுவார். கடிதமும் அவர் மேஜை வழியாகத்தான் வரும், போகும். தாமதமானால் பதறாதே.

எனக்கு ஒட்டும் பிரிவில் வேலை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் பூசுவார்களே, அதே மாதிரி சொல்யூஷன். டின்னில் பிரஷ்ஷைத் தோய்த்து ஷூவின் அடியில் விளிம்போடு பூச வேண்டும். கூடினால் வழியும், குறைந்தால் பிரியும். ஜன்னல்களைத் திறக்கக் கூடாது, தூசி வந்து ஒட்டிக்கொள்ளுமாம். சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு புறா குடும்பம் நடத்துகிறது. ஃபேன் கடைசியாக எப்போது ஓடியது என்று அந்தப் புறாவைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் சூப்பர்வைசருக்கு வாயால் பேச வராது, விசிலால்தான் பேசுவார். பேரே 'விசில்'தான். என் பக்கத்துக் கட்டில்காரியை எல்லோரும் 'நெட்டை' என்கிறோம். அவள் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நடக்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள், அவள் எழுந்து அவர்களைத் திட்டுவாள். நல்லவள்.

சாயங்காலமானால் தலை கொஞ்சம் கனக்கிறது. புதுசாக வந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம், பழகிவிடுமாம்.

நன்றாகப் படி. சாவியைத் தொலைத்துவிடாதே.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக்காட்டினேன். புறா வரும் இடத்தில் வாத்து மாதிரியே சிரித்தார். தலைவலி வந்த வரியை மட்டும் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. அது பொய் சொன்னதாகாது, வாசிக்காமல் விட்டதுதான் என்று நினைக்கிறேன்.

அத்தை வந்திருந்தாள். உனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறாளாம். மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. "நல்ல பையன், தலை நிமிர்ந்து பேச மாட்டான்" என்றாள். மீட்டரை நிமிர்ந்துதானே பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

தலைவலி இப்போது பழகிவிட்டதா?

தங்கை


ஆகஸ்ட் 10

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நான் நலம். பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. ஓவர்டைம் அதிகம்.

உன்னால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். போன மாதம் சொல்யூஷனை மாற்றினார்கள். இது வேறு டின், சீக்கிரம் காய்கிறது, வாடையும் கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது. அதற்கப்புறம் எங்கள் வரிசையில் பெண்கள் மயங்கி விழுகிறார்கள். சென்ற வாரம் ஒருத்தி விழுந்தாள், தூக்கப் போன இன்னொருத்தியும் விழுந்தாள். கம்பெனி டாக்டர் வந்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "எல்லாம் ஹிஸ்டீரியா. ஒண்ணு ஆடினா எல்லாம் ஆடும்" என்று விசிலிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசில் இப்போது யார் தலையைப் பிடித்துக்கொண்டாலும் "என்ன, ஹிஸ்டீரியாவா?" என்கிறார். நெட்டை கோபத்தில் பிரஷ்ஷை எறிந்தாள்.

அது என்ன வார்த்தை? திட்டா, நோயா? உன் கண்ணாடி அலமாரியில் பார்த்துச் சொல். தெரிந்துகொண்டால் பயம் போகும்.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் பற்றிக் கவலையோடு தொடங்கினேன், ஆனால் தேடத் தேட உற்சாகமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எவ்வளவு அருமையான வார்த்தையைத் தந்திருக்கிறாய்!

ஹிஸ்டீரியா என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்தான் அதன் வேர். கருப்பை ஒரே இடத்தில் இருக்காது, உடம்புக்குள் அலையும் என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் சிலர் நம்பினார்களாம். அது மேலே ஏறி மூச்சை அடைத்தால் பெண் மயங்கி விழுவாள். அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? மூக்கருகே நாற்றம் பிடித்த எதையாவது காட்டுவார்கள். நாற்றத்துக்குப் பயந்து கருப்பை கீழே இறங்கிவிடும். அடுப்படியில் பூனையை விரட்டுகிற மாதிரி! கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது யாரும் அதை நம்புவதில்லை. பின்னால் வந்த டாக்டர்கள், இது மனத்திலிருந்து வருவது, உடம்பில் நோய் எதுவும் இருக்காது என்றார்கள். விடுதி, தொழிற்சாலை போலப் பலர் சேர்ந்திருக்கும் இடத்தில் ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்திக்கு வருமாம். ஆகவே நீ பயப்பட ஒன்றுமே இல்லை, அக்கா. பக்கத்தில் யாராவது விழுந்தால் அந்தப் பக்கம் பார்க்காதே. மனத்தை வேறு பக்கம் திருப்பு. வாய்ப்பாடு சொல்லிப் பார். உன் தோழிகளுக்கும் வாசித்துக்காட்டு.

உனக்கு உதவ முடிந்த மகிழ்ச்சியோடு,
தங்கை


செப்டம்பர் 8

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நலம். நீ இங்கே பெரிய ஆள் ஆகிவிட்டாய். உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே அதன் நகல் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. "பள்ளிக்கூடத்துப் பொண்ணுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலையே" என்று விசில் வாயைத் திறந்தே பேசினார். உன் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஃபேனை ஓடவைக்கச் சொல்லி மேனேஜரிடம் போவதாக இருந்தோம். இப்போது என்னோடு வர யாரும் தயாராக இல்லை. மனசுதான் காரணம் என்றால் ஃபேன் எதற்கு? நியாயம்தானே.

ஒன்று மட்டும் சொல், நாற்றத்தைக் காட்டினால் சரியாகிவிடும் என்று அந்தக் கிரேக்கர்கள் சொன்னார்களே. அப்படியானால் எங்களுக்கு வரவே கூடாது. நாள் முழுக்க மூக்குக்குக் கீழே அதுதானே இருக்கிறது?

நேற்று ஒரு வேடிக்கை. சாப்பிடப் போகும்போது நெட்டை பின்னாலிருந்து கத்துகிறாள், "ஏய், உன் செருப்பு ஒண்ணு அங்கேயே கிடக்கு!" பார்த்தால் ஒரு கால் வெறுங்கால். எனக்குத் தெரியவே இல்லை. ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவள் லட்சணத்தைப் பார். அம்மாவிடம் சொல்லாதே.

எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிவப்பு மையால் சுழிக்காதே. பேனா சரியில்லை.

அக்கா


செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதியதைச் சுவரில் ஒட்டினார்கள் என்று படித்ததும் வகுப்பில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். உனக்கு எழுதிய கடிதம் உனக்கு முன்னால் விசிலிடம் எப்படிப் போனது?

அம்மா என் அறையைப் பெருக்கும்போது உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். அத்தை அப்போது பக்கத்தில் இருந்தாள். "அடிப்பாவி, இந்த வார்த்தை மீட்டர்காரங்க வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணும் பயப்படாதீங்க அண்ணி. கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்" என்றும் அவளே சொன்னாள். கிரேக்க வைத்தியர்கள் சொன்னதும் அதுதான் என்றேன். "பார்த்தியா, அவங்களே சொல்லிட்டாங்க" என்றாள். அம்மா கழுவப் பாத்திரம் தேடினாள்.

இன்னொன்று. செருப்பு கழன்றது எப்படித் தெரியாமல் போகும்? நூலகத்தில் அந்தப் பக்கங்களை மறுபடியும் படித்தேன். மயக்கம் இருக்கிறது, அழுகை இருக்கிறது, செருப்பு இல்லை. கால் மரத்துப்போகிறதா? உண்மையை எழுது.

தங்கை


அக்டோபர் 5

அக்கா,

பதில் இல்லை. போன் செய்தால் நீ வேலையில் இருப்பதாக வார்டனம்மா சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமையும். நலமா? ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கை


அக்டோபர் 17

தங்கச்சிக்கு,

நான்தான் உன் அக்காவின் பக்கத்துக் கட்டில், நெட்டை. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. இதை வெளியே உள்ள தபால்பெட்டியில் போடுகிறேன், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். வார்டனம்மா கடிதங்களைப் பிரித்துப் படிப்பார். உன் கடிதத்தை விசிலிடம் கொடுத்ததும் அவர்தான்.

உன் அக்காவுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. விரல் மடங்குகிறது, பிடி நிற்கவில்லை. நடக்கும்போது தண்ணீருக்குள் நடக்கிறவள்போல முழங்காலை உயரத் தூக்கி வைக்கிறாள், இல்லாவிட்டால் பாதம் தரையில் இழுபடுகிறது. இவளுக்கு மட்டுமில்லை, எங்கள் வரிசையில் பல பேருக்கு இப்படித்தான். எனக்கு விரல் நுனி மட்டும். நான் கதவோரம் உட்காருகிறேன், அதனாலோ என்னவோ.

நீ சொன்னபடி அவள் யாரையும் பார்க்காமல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பூசினாள். ஒருநாள் எட்டாம் வாய்ப்பாட்டின் நடுவே விழுந்தாள். எழுந்ததும் "தங்கச்சிக்குத் தெரிய வேணாம், அவ மனசு கஷ்டப்படுவா" என்றாள். எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. புத்தகத்தில் இருந்ததைத்தானே எழுதினாய்.

உடனே அப்பாவை அனுப்பு. எனக்கு எழுதினால் வெளியே உள்ள டீக்கடை முகவரிக்கு எழுது, கீழே குறித்திருக்கிறேன்.

நெட்டை


நவம்பர் 4

அன்புள்ள நெட்டை அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தயவுசெய்து கதவோரத்தை விட்டு நகராதீர்கள்.

அக்கா வீட்டில் இருக்கிறாள். அப்பா வேனில் கூட்டிவந்தார். கட்டிலில் இருந்த என் புத்தகங்களை எடுத்துவிட்டேன். அம்மா அவள் காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். "தெரியுதா, இப்பத் தெரியுதா?" என்று கேட்கிறாள். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு "தெரியுதும்மா" என்கிறாள். அம்மா கை அப்போது காலில் இல்லை. நான் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உள்ளங்காலில் ஊசி நுனியை வைத்துச் சோதித்தார். "மனசுல ஒண்ணும் இல்ல, நரம்பு கெட்டிருக்கு. என்ன சொல்யூஷன் பூசினாங்க? அதுல என்ன கலந்திருக்குன்னு தெரியணும்" என்றார். சீக்கிரம் வைத்தியத்தைத் தொடங்கினால் நடை திரும்பலாம், ஆனால் நீண்டகால வைத்தியமாம். அதைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, "எங்க டாக்டர் ஹிஸ்டீரியான்னு எழுதியிருக்கார். அது எங்க பொறுப்பு இல்ல" என்றார்களாம். அந்த வார்த்தை இருக்கும்வரை அக்காவுக்கு வைத்தியம் இல்லை.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
தங்கை


நவம்பர் 20

தங்கச்சிக்கு,

நான் சுமார். உன் அக்காவை நலம் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா போனபிறகு வைத்தியச் செலவு கேட்டு எங்கள் வரிசைப் பெண்கள் சேர்ந்து மனு கொடுத்தோம், அதற்கு ஒருவழியாக விசாரணை வைத்திருக்கிறார்கள். டிசம்பர் நாலாம் தேதி, பிற்பகல், தொழிலாளர் அலுவலகத்தில். உன் அக்கா சார்பில் அப்பாவும் நீயும் வாருங்கள். எங்களுக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் வாய் வராது, அழுகைதான் வரும். அழுதால் "பார்த்தீங்களா" என்பார்கள். உனக்குப் பேச வரும்.

இதோடு இருப்பது புது டின்னில் ஒட்டியிருந்த தாள். பாதிதான் கிழிந்து வந்தது. கலந்திருக்கும் பொருள்களின் பேர் அதில் இருக்கிறது. டின்னைப் பற்றிப் பேசு. ஃபேனைப் பற்றிப் பேசு.

நெட்டை


டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நாளை வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. கையிலேயே கொண்டுவந்து தருகிறேன். நான் பக்கத்து அறைக்குப் போனபிறகு படி.

அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. உன் வரிசைப் பெண்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்கள். அப்பா அவர்களுக்குப் பின்னால் கைகளை விரித்துக்கொண்டே வந்தார். அறைக்கு ஜன்னல் கிடையாது, குழல் விளக்குகள் மட்டும்தான். அதிகாரி ஒரு அம்மா. குரல் மெதுவாக, இனிமையாக இருந்தது. எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கம்பெனி டாக்டர் அறிக்கையை வாசித்தார். ஹிஸ்டீரியா என்று வரும் இடத்திலெல்லாம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

நான் கையை உயர்த்தினேன்.

"நீ யாரும்மா?"

"ஒட்டுற பிரிவுல இருந்தவங்களோட தங்கச்சி. அவங்களால வர முடியல."

"என்ன படிக்கிற?"

"பதினொண்ணாவது."

"சரி, சுருக்கமா சொல்லு. அடுத்த விசாரணைக்கு ஆளுங்க காத்திருக்காங்க."

நான் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அக்கா. மூன்று பக்கம் அந்த வார்த்தை பற்றி, கடைசிப் பக்கம் டின் பற்றி. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அந்தச் சொல் எங்கே பிறந்தது, கருப்பை அலைவதாக எப்படி நம்பினார்கள், பெண்கள் வலி என்று சொன்னபோதெல்லாம் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள், இப்போதைய மருத்துவர்கள் அதை ஏன் கைவிட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதெல்லாம் எனக்கே தெரியாதே" என்றார். பிறகு டாக்டரைப் பார்த்தார். "ஏன் டாக்டர், இந்தக் காலத்துல இப்படி ஒரு வார்த்தையை எழுதலாமா? நானும் ஒரு பொம்பளைதான்."

"மாத்திக்கலாம் மேடம். எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல" என்றார் டாக்டர். சிரித்தார்.

அதிகாரியம்மா அறிக்கையை வாங்கி, அந்த வார்த்தை வந்த இடங்களிலெல்லாம் கோடு போட்டு அடித்தார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அப்பா என் தோளைப் பிடித்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவர் திருத்தியதை வாசித்தார். "மன அழுத்தத்தால் ஏற்பட்ட உடல் உபாதை. பணியிடக் காரணம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை."

நெட்டை அக்கா எழுந்து நின்றார். "மேடம், அந்த டின்னு? ஃபேனு? அதைப் பத்தி ஒண்ணுமே வரலையே?"

"அறிக்கையில அது இல்லையேம்மா."

நான் பையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு மேஜைக்கு ஓடினேன். "மேடம், இதுல பேர் இருக்கு, என்ன கலந்திருக்காங்கன்னு இருக்கு, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்..."

அவர் தாளை வாங்கவில்லை. கோபமும் படவில்லை. "உனக்குக் கொடுத்த நேரத்துல இதைச் சொல்லியிருக்கணும்மா. நீ கேட்டதைத்தான் மாத்திட்டேனே" என்றார். கையெழுத்துப் போட்டார். "நல்லா படி. நல்லா வருவ."

டாக்டர் என்னைக் கடந்து போகும்போது தலையைத் தட்டிக்கொடுத்தார். விசில் கதவருகே நின்று, திங்கட்கிழமை வேலைக்கு வராதவர்கள் தாங்களாகவே நின்றுவிட்டதாகக் கணக்கு என்று சொன்னார். "மன அழுத்தம் இருக்கிறவங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்கலாம்" என்றும் சொன்னார்.

உனக்கு வைத்தியம் கிடைக்கவில்லை, அக்கா. வார்த்தையைத்தான் எடுக்கவைத்தேன்.

நெட்டை அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "வா, இவங்களைத் தூக்கிவிடலாம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்களுக்கு நாற்காலியிலிருந்து சட்டென்று எழ முடியாது. ஒருத்தி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் தாங்கினோம். இன்னும் பாதிப் பேர் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அலுவலகப் பணியாளர் எட்டிப் பார்த்தார், அதிகாரியம்மாவின் நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டார், விளக்குகளை அணைத்துவிட்டுப் போனார்.